பாதியில் நின்ற ஆகாயக் கப்பல்

தொடங்கிய காரியத்தை முடிக்காமல் விட்டவன் வீட்டிற்கு நாம் சென்றால், அவன் வாய் திறப்பதற்கு முன்பே அந்தக் காரியம் பேசிவிடும். கொட்டகை மூலையில் சக்கரமின்றிக் கிடக்கும் வண்டியும், கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் அரைப் படகும் தம்மைக் கட்டத் தொடங்கியவனை நாள்தோறும் பார்த்துக்கொண்டேயிருக்கின்றன. முதல் மாதம் அவன் அருகில் சென்று தூசி தட்டுகிறான். ஆறாம் மாதம் அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கிறான். ஒரு வருஷம் கழிந்தால் அதன்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, பணம் போதவில்லை என்கிறான். அது பொய்யன்று, பணம் மெய்யாகவே போதாமல் இருக்கும். ஆயினும் பணம் வந்த பிறகும் அவன் அந்தச் சாக்கை எடுப்பதில்லை.

இந்த நிலைக்கு ஒரு முறையல்ல, பல முறை ஆளாகி, சாக்கை மூடியும் மீண்டும் எடுத்தும் வாழ்ந்த ஒருவருடைய சரித்திரத்தை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் கட்டிய வாகனம் சாக்கினால் மூடக்கூடிய அளவினதன்று. நானூறு அடிக்கு மேற்பட்ட நீளமுள்ளது. ஜெர்மனியில் பிறந்த பெர்டினாண்டு வான் ஜெப்பெலின் பிரபுவே அவர். அவருடைய பெயரை அவர் கட்டிய ஆகாயக் கப்பலுக்கே உலகம் வழங்கிவிட்டபடியால், அது ஒரு மனிதரின் பெயர் என்பதைக்கூடச் சிலர் மறந்திருக்கலாம். அவரைப் புகழ்ந்து எழுதுவோர் விடாமுயற்சியின் அவதாரமென்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அவர் முயற்சியை உண்மையாகவே விட்டுவிட்ட நாட்களும் இருந்தன. நாம் கவனிக்க விரும்புவது அந்த நாட்களைத்தான்.

1838-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள கான்ஸ்டன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா என்னும் மூன்று தேசங்களின் எல்லை சந்திக்கும் அந்த ஏரியே பிற்காலத்தில் அவருடைய பட்டறையாகவும் சோதனைக் களமாகவும் அமைந்தது. அக்காலத்தில் ஜெர்மனி ஒரே ராஜ்யமாக இருக்கவில்லை. வுர்ட்டம்பர்க் என்னும் சிறு ராஜ்யத்தின் சைன்யத்தில் இளமையிலேயே அவர் சேர்ந்தார். 1863-ம் வருஷம், அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அதைப் பார்வையிட விடுமுறை பெற்று அங்கு சென்றார். லிங்கனைச் சந்தித்து, வட பகுதிச் சைன்யத்துடன் சஞ்சரிக்க அனுமதியும் பெற்றார். அந்தப் பிரயாணத்தின் முடிவில், மின்னஸோட்டாவிலுள்ள ஸெயின்ட் பால் என்ற ஊரில், ஜான் ஸ்டைனர் என்பவருடைய பலூனில் ஏறிச் சில நூறு அடி உயரத்திலிருந்து பூமியைப் பார்த்தார். பலூன் கயிற்றினால் கட்டப்பட்டிருந்தது. அன்று அவருக்கு வயது இருபத்தைந்து. தம்முடைய எண்ணத்திற்கு வித்து அங்கேதான் விழுந்தது என்று முதுமையில் அவர் சொல்லியதுண்டு. எல்லாம் கைகூடிய பிறகு பழைய சம்பவங்களுக்கு நாம் கொடுக்கும் அர்த்தம் சிறிது பெரிதாகவே இருக்கும். ஆகையால் இதை அவ்வளவுக்கவ்வளவு எடுத்துக்கொண்டால் போதும்.

1870-ல் பிரான்ஸுடன் யுத்தம் மூண்டபோது, எதிரியின் எல்லைக்குள் ஒரு சிறு குதிரைப் படையுடன் புகுந்து, உடன்சென்றவர்கள் சிறைப்பட்டும் வீழ்ந்தும் போக, தாம் மட்டும் தப்பித்துச் செய்தியுடன் திரும்பினார். ஜெர்மனி முழுவதும் அவர் பெயர் பரவியது அப்போதுதான். அந்த யுத்தத்தில் முற்றுகையிடப்பட்ட பாரிஸ் நகரத்திலிருந்து தபால் மூட்டைகளுடன் பலூன்கள் கிளம்பி, முற்றுகைச் சேனையின் தலைக்கு மேலேயே பறந்து சென்றன. ஆனால் அவை காற்று கொண்டு சென்ற இடத்திற்குப் போயினவேயன்றி, திரும்பி நகரத்திற்குள் வர முடியவில்லை. போகவும் வரவும் கூடிய பலூன் வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உண்டாயிற்று. ஜெப்பெலின் 1874-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தம் தினசரிக் குறிப்பில் பெரிய ஆகாயக் கப்பல் ஒன்றின் அமைப்பை எழுதி வைத்தார். எழுதி வைத்ததோடு சரி. அடுத்த பதினாறு வருஷங்கள் சைன்ய உத்தியோகமும், பெர்லினில் தம் ராஜ்யத்தின் ஸ்தானிகர் பதவியும் அவருடைய பொழுதைக் கொண்டுபோயின. 1884-ல் பிரெஞ்சுக்காரர்கள் மின்சார மோட்டார் பொருத்திய ஒரு கப்பலைப் புறப்பட்ட இடத்திற்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதைக் கண்டு 1887-ல் தம் அரசருக்கு அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். அதற்கும் பலன் இல்லை.

1890-ல் அவருடைய உத்தியோகம் முடிந்தது. கௌரவமான முடிவு என்று சொல்ல முடியாது. வுர்ட்டம்பர்க் படையை பிரஷ்யர்கள் ஆட்டிவைப்பதைக் குறித்து அவர் எழுதிய குறிப்பு மேலிடத்தில் கோபத்தை உண்டாக்கிற்று. அவ்வருஷத்துப் படைப்பயிற்சியில் அவர் திறமை போதாதென்று தீர்ப்புக் கூறப்பட்டது. ஐம்பத்திரண்டாவது வயதில் ஜெனரல் பதவியோடு வீட்டிற்கு அனுப்பப்பட்டார். ஆயுள் முழுவதும் சிப்பாயாக இருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எஞ்சிய ஆயுளைப் பண்ணை பார்த்துக்கொண்டு கழிக்கப் போதிய செல்வம் அவருக்கு இருந்தது. பதினாறு வருஷத்துப் பழைய குறிப்பை எடுத்துப் புரட்டும்படி அவரைத் தூண்டியது விஞ்ஞானத்தில் உண்டான ஆசை மட்டுமே என்று நாம் நம்பவில்லை. தம்மை உதவாதவர் என்று தள்ளியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ரோஷமும் அதில் இருந்திருக்க வேண்டும். நல்ல காரியங்கள் நல்ல எண்ணங்களிலிருந்தே பிறக்கின்றன என்று நினைப்பவர்கள் மனிதர்களை அதிகமாகப் பார்த்தவர்கள் அல்லர்.

அவருடைய யோசனை இதுதான். சாதாரண பலூன், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தினால் உருவம் பெறுகிறது. வாயு குறைந்தால் தொய்ந்துபோகும். தொய்ந்த பையை யந்திரத்தினால் காற்றுக்கு எதிராகச் செலுத்த இயலாது. ஆகவே அலுமினியத்தால் நீண்ட கூடு ஒன்று கட்டி, அதன்மேல் துணியைப் போர்த்தி, உள்ளே தனித்தனிப் பைகளில் ஹைட்ரஜனை அடைத்துவிட்டால், ஒரு பை கிழிந்தாலும் மற்றவை தாங்கும். கூட்டின் உருவமும் மாறாது. கூடு பாரமாயிற்றே என்று கேட்கலாம். கப்பலின் அளவைப் பெருக்கப் பெருக்க, கூட்டின் பாரத்தைக் காட்டிலும் வாயுவின் தூக்கும் சக்தி வேகமாகப் பெருகும் என்பதே அதற்குச் சமாதானம். ஆகையால் சிறிதாகச் செய்து பார்த்துப் பிறகு பெரிதாகச் செய்யும் வழி அவருக்கு இல்லை. முதற் கப்பலே பிரம்மாண்டமானதாக இருக்கவேண்டும். இந்தக் கணக்கே அவருக்குப் பலமும் ஆயிற்று, விலங்கும் ஆயிற்று.

1894-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற மகா விஞ்ஞானியின் தலைமையில் சர்க்கார் நியமித்த நிபுணர் சபை அவருடைய திட்டத்தை நிராகரித்தது. அந்த நிபுணர்களை முட்டாள்கள் என்று பிற்காலத்தார் ஏசியது நியாயமன்று. அந்தப் படங்களில் உண்மையாகவே குற்றங்கள் இருந்தன; அன்று கிடைத்த மோட்டார்களோ பாரம் மிகுந்தவை, சக்தி குறைந்தவை. 1895-ல் அவர் காப்புரிமை பெற்றார். 1896-ல் ஜெர்மன் எஞ்சினீயர்களின் சங்கம் அவரை ஆதரித்தது. 1898-ல் எட்டு லட்சம் மார்க்கு மூலதனத்தில் ஒரு கம்பெனி ஏற்பட்டது. அதில் பெரும் பங்கு அவருடைய சொந்தப் பணம்.

ஏரியின் கரையில் பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரத்தை அடுத்த மான்ஸெல் என்ற இடத்தில், தண்ணீரின்மேல் மிதக்கும் கொட்டகை ஒன்றைக் கட்டினார்கள். காற்று எத்திசையில் வீசினாலும் கொட்டகையும் அத்திசைக்குத் திரும்பும். கப்பல் சுவரில் இடிபடாமல் வெளிவரும். 1900-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி மாலையில், 128 மீட்டர் நீளமுள்ள முதற் கப்பல் ஐந்து பேருடன் கிளம்பியது. அதன் இரண்டு டெய்ம்லர் மோட்டார்கள் ஒவ்வொன்றிற்கும் ஏறக்குறைய 14 குதிரைச் சக்திதான். கப்பலின் மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் அமைத்திருந்த பாரத்தை நகர்த்தும் யந்திரம் முறிந்தது. பதினெட்டு நிமிஷத்தில் கப்பல் ஏரியில் இறங்கிற்று. அக்டோபரில் மேலும் இரண்டு முறை பறந்தது. கூடு வளைந்தது, வேகம் போதவில்லை. சைன்ய நிபுணர்கள் உபயோகமில்லை என்று எழுதினர். கம்பெனியின் பணம் தீர்ந்தது. கம்பெனியைக் கலைத்தார்கள்; கப்பலைப் பிரித்து உலோகத்தை விற்றார்கள். வேலையாட்கள் கலைந்துபோயினர்.

லுட்விக் டூர் என்ற இளம் எஞ்சினீயர் மாத்திரம் போகவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அதிகமாகப் பேசாதவர். ஊதியத்திற்கும் எதிர்காலத்திற்கும் யாதொரு நிச்சயமும் இல்லாத அந்த இடத்தில் அவர் ஏன் தங்கினார் என்று நமக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் தங்கியிராவிட்டால் இந்தச் சரித்திரம் 1901-லேயே முடிந்திருக்கும். கூடு ஏன் வளைந்தது என்பதைக் கணக்கிட்டு, முக்கோண வடிவமான சட்டங்களைக் கொண்டு புதிய கூட்டிற்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். பிரபுவோ பொதுஜனங்களுக்கும் செல்வர்களுக்கும் பணம் கேட்டு எழுதினார். கிடைத்த தொகை மிகச் சொற்பம். இறுதியில் வுர்ட்டம்பர்க் அரசர் லாட்டரிச் சீட்டு ஒன்று நடத்த அனுமதியளித்தார். அதுவும் போதாமல், பிரபுவின் மனைவி இஸபெல்லா அம்மையாருக்கு பால்டிக் பிரதேசத்தில் இருந்த பிதுரார்ஜித நிலங்கள் அடமானத்திற்குப் போயின. பிரபுவைப் பற்றி எழுதும் நூல்கள் அந்த அம்மையாரை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. தம் தந்தை வழி வந்த பூமியை, ஒரு முறை வளைந்து ஏரியில் இறங்கிய கப்பலின் பேரில் அடகு வைக்கச் சம்மதித்த ஸ்திரீக்கு இரண்டு வரி போதுமா?

இரண்டாவது கப்பல் 1905-ன் இறுதியில் தயாராயிற்று. மோட்டார்கள் ஒவ்வொன்றும் 80 குதிரைச் சக்தி. 1906-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி அது கிளம்பிற்று. பலத்த காற்றில் மூக்கு ஏறுவதும் இறங்குவதுமாகக் கப்பல் அலைந்தது, மோட்டார்கள் நின்றன, சுக்கானும் உதவவில்லை. காற்று அதைக் கரையைத் தாண்டி மலைப்புறத்திற்குக் கொண்டுசென்றது. கிஸ்லெக் என்ற ஊருக்கு அருகில் வயல்வெளியில் எப்படியோ இறக்கி, மூக்கைக் கட்டி வைத்தார்கள். யாருக்கும் காயமில்லை. காலையில் பழுது பார்த்துப் பறந்து திரும்பலாம் என்று எண்ணியிருந்தனர். இரவில் புயல் வந்தது. விடிந்தபோது, மரங்களிலும் மண்ணிலும் அடிபட்டு வளைந்த அலுமினியக் குவியல்தான் எஞ்சியிருந்தது. கோடாரியும் ரம்பமும் கொண்டு அதைத் துண்டு துண்டாக வெட்டியெடுக்கும்படி பிரபுவே உத்தரவிட வேண்டியதாயிற்று.

இனி ஆகாயக் கப்பல் கட்டப்போவதில்லை என்று அவர் அப்போது அறிவித்தார். வயது அறுபத்தேழு முடிந்துவிட்டது. சொந்த ஆஸ்தியும் மனைவியின் ஆஸ்தியும் வயல்வெளியில் கிடந்தன. பெர்லினில் அவரைப் பைத்தியக்காரப் பிரபு என்று பேசிக்கொண்டார்கள்.

வக்கீல் தொழிலில் நாம் கண்ட ஒன்றை இங்கே குறிப்பிடுவது தவறாகாது. கட்சிக்காரன் தீர்ப்புக் கேட்ட அன்று தளர்வதில்லை. அன்று அவனுக்குக் கோபம் இருக்கிறது. கோபம் நிமிர்ந்து நிற்க வைக்கும். அப்பீலுக்கு நகல் வாங்க வரும் நாளில்தான், கட்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, அவன் முகம் மாறும். இத்தனை வருஷத்துக் காகிதங்களை மறுபடியும் முதலிலிருந்து படிக்கவேண்டுமே என்ற சலிப்பு அது. அந்த வேளையில் தர்மத்தையும் தைரியத்தையும் பற்றி அவனிடம் பேசுவது வீண். எந்த இடத்தில் தோற்றோம், அந்த ஓர் இடத்தைச் சரி செய்ய என்ன வேண்டும் என்று குமாஸ்தா ஒருவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினால், சில சமயம் அவன் மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறான்.

ஜெப்பெலினுக்கு அந்தத் துண்டுக் காகிதத்தைக் காட்டியவர் டூர். கூடு இம்முறை வளையவில்லை. வாயுப் பைகள் தாங்கின. தூக்கும் சக்தி கணக்குப்படியே இருந்தது. கப்பல் அலைந்ததற்குக் காரணம் வால்புறத்தில் சிறகுகள் இல்லாமையே. அம்பிற்கு இறகு கட்டுவதுபோல் கட்டிவிட்டால் மூக்கு நேராக நிற்கும். மோட்டார்களும் விசிறிகளும் சிதைவிலிருந்து முழுசாகவே எடுக்கப்பட்டிருந்தன. புதிதாக வாங்க வேண்டியதில்லை. தோல்வி என்று ஒரே மூட்டையாகத் தெரிந்ததைப் பிரித்துப் பார்த்தபோது, பெரும் பகுதி வெற்றியாகவும், ஒரு பகுதியே குற்றமாகவும், அந்தக் குற்றமும் திருத்தக்கூடியதாகவும் இருந்தது. மறுபடியும் லாட்டரி நடந்தது. பிரபுவிடம் எஞ்சியிருந்த பணமும் போயிற்று.

அக்காலத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம் பத்திரிகைக்காரராகிய எமக்கு விசேஷமாகப் படுகிறது. பிரீட்ரிக்ஸ்ஹாபனில் ஹ்யூகோ எக்கனர் என்ற பண்டிதர் வசித்துவந்தார். பொருளாதார நூல் எழுதுவதற்காக அமைதியைத் தேடி வந்தவர். பிராங்பர்ட் நகரத்துப் பத்திரிகை ஒன்றுக்கு அவ்வப்போது நிருபமும் எழுதுவார். கப்பலைப் பற்றி அவர் எழுதியவை தயை தாட்சண்ணியம் இல்லாதவை. பிரபு அவரைத் தேடி, முழு மரியாதைக்குரிய உடையணிந்து, அவருடைய வீட்டிற்கே சென்றார். கோபிக்கவில்லை. நிருபரின் தவறான எண்ணங்கள் சிலவற்றை எடுத்துக் காட்டி, நியாயமான கண்டனங்களை ஒப்புக்கொண்டார். அந்த எக்கனரே சில வருஷங்களில் கம்பெனியில் சேர்ந்து, பிரபுவின் மரணத்திற்குப் பின் அதன் தலைவராகி, ஜெப்பெலின் கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்தவர். தம்மைக் கண்டித்து எழுதியவர் வீட்டிற்குத் தொப்பியணிந்து செல்லும் பெரிய மனிதர்கள் எமது அனுபவத்தில் மிகச் சிலரே.

1906-ம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி, கிஸ்லெக் சம்பவம் நடந்து ஒன்பது மாதங்களுக்குள்ளாக, மூன்றாவது கப்பல் பதினோரு பேருடன் இரண்டு மணி நேரத்திற்கு மேல் பறந்து பத்திரமாகத் திரும்பிற்று. சிறகுகள் வேலை செய்தன. அதன்பின் சர்க்கார் தாமாகவே வந்தனர். புதிய கொட்டகைக்கு ஐந்து லட்சம் மார்க்கு கொடுத்தனர். இருபத்து நான்கு மணி நேரம் தொடர்ந்து பறந்து காட்டினால் கப்பல்களை வாங்கிக்கொள்வதாகவும் ஒப்பினர். அதற்காகக் கட்டப்பட்ட நான்காவது கப்பல் 136 மீட்டர் நீளம். 1908 ஜூலை 1-ந் தேதி அது ஸ்விட்சர்லாந்தின் மலைகளுக்கிடையே பன்னிரண்டு மணி நேரம் சஞ்சரித்துத் திரும்பியது. ஒரு வாரத்தில் பிரபுவின் எழுபதாவது பிறந்த நாள். தேசமெங்கும் கொண்டாட்டம்.

ஆகஸ்டு 4-ந் தேதி காலையில் இருபத்து நான்கு மணி நேரச் சோதனை தொடங்கிற்று. பாஸல், ஸ்ட்ராஸ்பர்க், மான்ஹைம் நகரங்களின் மேலாக ரைன் நதியைத் தொடர்ந்து கப்பல் சென்றது. தெருக்களிலும் கூரைகளிலும் ஜனங்கள் நின்றனர். தேவாலயங்களில் மணி அடித்தனர். மாலையில் மோட்டார் பழுதாகி நதியில் இறங்க நேர்ந்தது. இரவில் மீண்டும் கிளம்பி, மைன்ஸ் நகரம் வரை போய்த் திரும்பியது. விடியற்காலையில் ஒரு மோட்டாரின் பேரிங்கில் இருந்த உலோகம் உருகிவிட்டது. 5-ந் தேதி காலை எட்டு மணிக்குச் சற்று முன், ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகிலுள்ள எக்டர்டிங்கன் கிராமத்து வயலில் இறக்கினார்கள். டெய்ம்லர் தொழிற்சாலை அருகிலேயே இருந்தது. மெக்கானிக்குகள் வந்து வேலை தொடங்கினர். சிப்பாய்கள் கயிறுகளைப் பிடித்து நின்றனர். ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடிவிட்டனர். இரவு முழுவதும் உறங்காத பிரபு கிராமத்துச் சத்திரத்தில் இளைப்பாறச் சென்றார். பிற்பகல் மூன்று மணி சுமாருக்குத் திடீரென்று வீசிய புயற்காற்று கப்பலைப் பிடுங்கி எடுத்தது. சிப்பாய்கள் கயிற்றை விட்டுக் கீழே விழுந்தனர். கப்பல் சிறிது தூரம் சென்று மரங்களில் மோதித் தீப்பற்றி எரிந்தது. சில நிமிஷங்களில் வெறும் கூடுதான் கிடந்தது.

பிரபு வந்து பார்த்தார். கூட்டம் தொப்பியை எடுத்துவிட்டு வழிவிட்டது. அவர் யாதொன்றும் பேசாமல் வண்டியேறி ஊருக்குத் திரும்பினார் என்கிறார்கள். அன்று மாலை அவருடைய மனம் இருந்த நிலையில், மறுபடியும் டூர் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாலும் பயன்பட்டிருக்காது. குற்றத்தைப் பிரித்தெடுத்துத் திருத்தலாம். அடமானம் வைக்க இனி ஒன்றுமில்லை என்பதை எப்படித் திருத்துவது?

ஆனால் வயலில் கூடியிருந்தவர்கள் கலைவதற்கு முன்பே பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் தபாலில் காசு வந்து குவிந்தது. பத்திரிகைகள் நிதி திறந்தன. நகரசபைகளும், தொழிற்சங்கங்களும், விளையாட்டுக் கழகங்களும், பள்ளிப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். சில வாரங்களில் சேர்ந்த மொத்தத் தொகை அறுபது லட்சம் மார்க்குக்கு மேல். எட்டு லட்சம் மூலதனத்திற்காக எட்டு வருஷம் அலைந்தவர் அவர் என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஐந்து வருஷங்களுக்கு முன் இதே ஜனங்களிடம் அவர் பணம் கேட்டபோது கை விரித்தார்கள். இப்போது அவர் கேட்கவே இல்லை. முன்பு அவர் காட்டியது ஒரு காகிதத்துப் படம். இப்போது கப்பல் அவர்களுடைய கூரைகளின் மேலாகச் சென்றிருந்தது, பார்த்தவர்கள் அதைத் தங்களுடையதாக எண்ணிவிட்டார்கள். எரிந்தது தங்கள் பொருள் என்று நினைத்தவர்கள் கொடுத்த பணம் அது. அச்சமயத்தில் ஜெர்மனியின் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் முறையைக் கண்டறிய வந்திருந்த ஆங்கில மந்திரி லாயிட் ஜார்ஜ், எக்டர்டிங்கனுக்குச் சென்று அந்த ஜனசமுத்திரத்தைப் பார்த்தார். அங்கே எழுந்த தேசாவேசம் அவரைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. அது அன்புப் பெருக்குதான். எனினும் அயல்நாட்டான் ஒருவனுக்கு அதில் வேறொன்றும் கேட்டிருக்கிறது.

அந்தப் பணத்தைப் பிரபு தம் கடனுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 1908-ல் ஆகாயக் கப்பல் கட்டும் கம்பெனியையும், அதை நிர்வகிக்க ஒரு தர்ம ஸ்தாபனத்தையும் ஏற்படுத்தினார். ஆல்பிரட் கோல்ஸ்மன் என்ற வியாபாரி நிர்வாகத்தை ஏற்றார். மூன்றாவது கப்பலைச் செப்பனிட்டு சைன்யத்திற்கு விற்றார்கள். எக்டர்டிங்கன் தீயைக் குறித்தும் ஆராய்ச்சி நடந்தது. ரப்பர் பூசிய பருத்திப் பைகள் கிழியும்போது மின்பொறி உண்டாகி வாயு பற்றியிருக்கலாம் என்று கருதப்பட்டதால், பின்னர் மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வினால் பைகள் செய்தார்கள். 1909-ல் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் கம்பெனி ஒன்றும் கிளம்பிற்று; உலகத்தின் முதல் ஆகாய விமானக் கம்பெனி என்று அதைச் சொல்வதுண்டு. அதன் கப்பல்கள் சில உடைந்தன, எரிந்தன; ஆயினும் 1914 வரை முப்பத்து நாலாயிரம் பேர் வரை ஏறிப் பறந்தார்கள், ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை.

சரித்திரம் இவ்விடத்தில் முடிந்திருந்தால் நமக்கும் சந்தோஷமாக இருக்கும். 1913-ல் கடற்படைக்காகக் கட்டிய இரண்டு கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. செப்டம்பரில் ஒன்று கடலில் விழுந்து பதினான்கு பேர் மாண்டனர். அக்டோபரில் மற்றொன்று ஆகாயத்திலேயே வெடித்து அதிலிருந்த இருபத்தெட்டுப் பேரும் மாண்டனர். அடுத்த வருஷம் யுத்தம் வந்தது. 1915 ஜனவரி முதல் ஜெப்பெலின் கப்பல்கள் இங்கிலாந்தின்மீது குண்டு வீசின. யுத்தம் முடிவதற்குள் அக்குண்டுகளால் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் ஆயுதம் தாங்காதவர்கள், குழந்தைகளும் உட்பட. பிரபு இதை எதிர்க்கவில்லை. குண்டு வீசவேண்டும் என்றே வற்புறுத்தினார். தொடக்கம் முதலே அவர் மனத்தில் இருந்தது யுத்தக் கப்பல்தான். பிரயாணிக் கப்பல் கம்பெனியை நடத்துவதற்காகப் பிறர் சொன்ன யோசனை. எக்டர்டிங்கன் வயலில் சில்லறை கொடுத்த பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்து இதே கப்பல்களில் சிப்பந்திகளாகச் சென்று எரிந்திருக்கவும் கூடும். ஒருவருடைய உறுதியை மெச்சும்போது அந்த உறுதி எதற்காக என்ற கேள்வியை எடுத்து வைத்துவிட எமக்கு மனமில்லை.

யுத்த காலத்தில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அவர் ஆகாயக் கப்பலை விட்டு, பல மோட்டார்கள் பொருத்திய ராட்சத ஏரோப்ளேன்கள் கட்டுவதில் இறங்கியிருந்தார். புதிய வாகனம், புதிய குற்றங்கள், மறுபடியும் கணக்குகள். 1917-ம் வருஷம் மார்ச்சு 8-ந் தேதி பெர்லினில் காலமானார். ஸ்டுட்கார்டில் அடக்கம் செய்தார்கள்.

அவருடைய பெயரைத் தாங்கிய கப்பல் 1929-ல் உலகத்தைச் சுற்றிற்று. அதனினும் பெரிய ஹிண்டன்பர்க் 1937 மே 6-ந் தேதி அமெரிக்காவில் எரிந்து முப்பத்தாறு பேர் மாண்டனர். மிஞ்சியிருந்த கப்பல்களை 1940-ல் நாஜி சர்க்கார் உடைத்து, அலுமினியத்தை யுத்த விமானங்களுக்குக் கொண்டுபோயிற்று. டூர் அப்போது உயிரோடிருந்தார். இருபத்திரண்டாவது வயதில் முதற் கப்பலைப் பிரித்து விற்கும்போது நின்றவர், கடைசிக் கப்பலும் பிரிக்கப்பட்ட செய்தியைக் கேட்கும் காலம் வரை அந்த வேலையைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எக்டர்டிங்கனில் இப்போது ஸ்டுட்கார்ட் நகரத்தின் விமான நிலையம் இருக்கிறது. கப்பல் எரிந்ததன் ஞாபகமாக ஒரு கல்லும் அங்கே நிற்கிறது.